பரபக்கம் இல்லாத பாடத்திட்டம்

குடிமைப்பணி முதன்மைத் தேர்வுக்குத் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு யு.பி.எஸ்.சி. கொடுத்திருக்கும் முதல் தாள் பாடத்திட்டத்தை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று தொடங்குகிறது. அடுத்து வரும் பெயர் டெகார்ட். அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322இல், டெகார்ட் பிறந்தது கி.பி. 1596இல். இடைப்பட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் மேற்கே யாரும் எதையும் யோசிக்கவில்லை போலும். ஸ்டோயிக்குகள் இல்லை, புளோட்டினஸ் இல்லை, அகஸ்டீன் இல்லை, இப்னு சீனா இல்லை, இப்னு ருஷ்து இல்லை, அக்குவினாஸ் இல்லை. இந்தியப் பகுதி சார்வாகத்தில் ஆரம்பித்து, சமணம், பௌத்தம், நியாய வைசேடிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் என்று நகர்ந்து, அங்கிருந்து ஒரே தாவலில் அரவிந்தரிடம் போய் முடிகிறது. சைவ சித்தாந்தத்துக்கு இடமில்லை. காஷ்மீர சைவத்துக்கும் இல்லை.

தேர்வாணையத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நம் பல்கலைக்கழகங்களில் பல தலைமுறைகளாக நடந்துவரும் பாடத்தின் சுருக்கம்தான் அது. 'இந்தியத் தத்துவம்' என்று ஒரு தாள், 'மேலைத் தத்துவம்' என்று ஒரு தாள், ஒன்றில் தரிசனங்கள், மற்றொன்றில் ஆட்கள். இரண்டிலும் மாணவர் கற்றுக்கொண்டு வெளியேறுவது முடிவுகளை: இன்னார் இன்ன கொள்கையினர், இன்ன தரிசனத்துக்கு இத்தனை பிரமாணம். அந்த முடிவுகள் யாரோடு நடந்த சண்டையில் பிறந்தன என்பது பாடத்தில் இராது. தத்துவ வரலாற்றைப் பல்கலைக்கழகத்தில் எப்படிப் படிப்பது என்ற கேள்வியில் வேறு பல கிளைகள் உண்டு. அடிவேர் இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த வரிசைகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் தத்துவ வரலாறு ஒரு தனிப் படிப்பாக உருவானது பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில். யாக்கோப் புருக்கர் 1742 முதல் 1744 வரை லத்தீனில் வெளியிட்ட பெருநூல் கிரேக்கர்களோடு தொடங்கவில்லை. எபிரேயர், கல்தேயர், பாரசீகர், இந்தியர், எகிப்தியர் எல்லோரையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் கிரேக்கத்துக்கு வந்தது. அவர்களைப் பற்றி அவர் சொன்னவை சரியா என்பது வேறு கதை. தத்துவம் பல இடங்களில் பிறந்திருக்கலாம் என்ற நினைப்பு அன்றைக்கு வியப்புக்குரியதாக இல்லை. அதை வெட்டியவர்கள் கான்ட்டின் வழிவந்தவர்கள். டென்னமான் எழுதிய பல தொகுதி வரலாறு கிரேக்கத்திலேயே தொடங்குகிறது. ஹெகல் அதற்கு ஒரு தத்துவக் காரணமும் கற்பித்தார். ஹென்றி கோல்புரூக் 1820களில் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் வாசித்த இந்தியத் தத்துவக் கட்டுரைகளை ஹெகல் ஊன்றிப் படித்தவர். சாங்கியத்தையும் நியாயத்தையும் பற்றித் தம் பெர்லின் வகுப்புகளில் பேசியும் இருக்கிறார். ஆனாலும் அவற்றை வாசல் திண்ணையில்தான் உட்காரவைத்தார். வரலாறு என்பது வீட்டுக்குள், கிரேக்கத்தில் தொடங்கியது. பீட்டர் பார்க் 2013இல் வெளியிட்ட நூல் இந்த விலக்கல் எப்போது, யாரால், எந்த வாதங்களோடு நடந்தது என்பதை விரிவாக ஆராய்கிறது.

கான்ட்டின் வாரிசுகள் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து 'அறிவுமுதல்வாதிகள் மூவர், அனுபவவாதிகள் மூவர்' என்ற கணக்கு. டெகார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் ஒரு பக்கம். லாக், பெர்க்லி, ஹியூம் மறுபக்கம். இரு தரப்பையும் சமாதானம் செய்துவைக்க கான்ட் வருகிறார். நாடகத்துக்கு நல்ல கதைக்கட்டு. அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தாம் இப்படி ஓர் அணியில் நிற்கிறோம் என்று தெரியாது. பெர்க்லி டெகார்ட்டின் வழிவந்த மால்பிரான்ஷிடம் கடன்பட்டவர். இந்தக் கணக்கில் இடமில்லாததால் மால்பிரான்ஷ் நம் மாணவர்களுக்கு அநேகமாகப் பெயரளவில்கூடத் தெரியாதவர்.

இந்தியாவுக்கு வருவோம். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது தத்துவம் என்பது பிரிட்டிஷ் பாடநூல்கள்தான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஏ.ஜி. ஹாக் போன்ற ஆசிரியர்களிடம் அதைப் படித்தவர் ராதாகிருஷ்ணன். இந்து மதம் பற்றிக் கிறிஸ்தவ விமர்சகர்கள் எழுப்பிய கேள்விகள்தாம் தம்மை அந்த மதத்தைப் படிக்கத் தூண்டின என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக எழுதிய முதுகலை ஆய்வேடு 1908இல் அச்சானது. 1923இலும் 1927இலும் அவருடைய 'இந்தியத் தத்துவம்' இரு தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. இதற்குச் சற்று முன்பு 1922இல் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் வரலாற்று நூல் கேம்பிரிட்ஜில் தொடங்கியிருந்தது. அது ஐந்து தொகுதியாக நீண்டு, அவர் மறைந்தபின் 1955இல் முடிந்தது. அந்த ஐந்தாம் தொகுதி முழுவதும் தென்னாட்டுச் சைவ நெறிகளைப் பற்றியது என்பதைத் தமிழ்நாட்டிலேயே எத்தனை தத்துவ மாணவர்கள் அறிவார்கள் என்பது சந்தேகம். மைசூரிலிருந்து ஹிரியண்ணா 1932இல் எழுதிய சுருக்க நூல்தான் வகுப்பறைக்கு வசதியாக அமைந்தது. இன்றும் புத்தகக் கடையில் கிடைக்கிறது. இன்றும் நல்ல நூல்தான்.

இவர்கள் செய்த காரியம் சின்னதல்ல. இந்தியர்களுக்குத் தத்துவமே கிடையாது, மதம் மட்டும்தான் என்று பேசிய காலத்தில், இருக்கிறது, முறையாக இருக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் யாருக்குக் காட்டுகிறோம் என்பது எழுத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. வெளியாருக்கு எடுத்துவைக்கும்போது வீட்டுச் சண்டையைச் சொல்ல மாட்டோம் அல்லவா? தரிசனங்கள் தனித்தனி அத்தியாயமாக, அவரவர் கொள்கை அவரவர் பெட்டியில் வைக்கப்பட்டன. பெரும்பாலும் அத்வைதம் உச்சியில் அமர்ந்தது.

'ஆறு தரிசனங்கள்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நியாயம், வைசேடிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம். பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். எட்டாம் நூற்றாண்டில் சமண ஆசிரியர் ஹரிபத்திரர் எழுதிய ஆறு தரிசனத் தொகுப்பில் இருப்பவை பௌத்தம், நியாயம், சாங்கியம், சமணம், வைசேடிகம், மீமாம்சை. யோகமும் வேதாந்தமும் அங்கே இல்லை. நம் மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி அடுக்கும் ஆறில் உலோகாயதமும் பௌத்தமும் உண்டு. சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாம்சகம் மற்றவை. இங்கேயும் யோகத்துக்கும் வேதாந்தத்துக்கும் இடம் கிடைக்கவில்லை. ஆக, ஆறு என்ற எண் நிலையாக நின்றிருக்கிறது. நாற்காலிகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யார் எப்போது, ஏன் மாறினார்கள் என்பதுதான் தத்துவ வரலாறு. நாம் கடைசியாக எடுத்த புகைப்படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, இதுதான் குடும்பம் என்கிறோம்.

நம் பாடநூல்களின் இன்னொரு சிக்கல் காலம் சம்பந்தப்பட்டது. அவற்றின் எலும்புக்கூடு 1920களில் கட்டப்பட்டது. முக்கியமான பல ஓலைச்சுவடிகள் வெளிச்சத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். குஜராத்தின் பாடண் நகரத்துச் சமணச் சுவடிக் காப்பகத்தில் 1926இல் ஜெயராசி என்பவரின் தத்துவோபப்லவசிம்மம் கண்டெடுக்கப்பட்டு, 1940இல் பரோடாவில் அச்சானது. 'வால்காவிலிருந்து கங்கை வரை' எழுதியவராகத் தமிழர்கள் அறிந்த ராகுல் சாங்கிருத்யாயன், 1930களில் திபெத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம் உள்ளிட்ட வடமொழிச் சுவடிகளைத் தேடிப் பிடித்தார். திங்நாகரின் பிரமாணசமுச்சயம் மூலத்தில் தொலைந்து திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டுமே நின்றது. அதன் முதல் பகுதியை எச்.ஆர். ரங்கசாமி ஐயங்கார் திபெத்தியத்திலிருந்து வடமொழிக்கு மீட்டெழுதி 1930இல் மைசூரில் பதிப்பித்தார். இவை பெரும்பாலும் ராதாகிருஷ்ணன் எழுதி முடித்த பிறகு நடந்தவை. நம் பாடத்திட்டங்களோ நடந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை.

ஜெயராசியின் நூல் எதை மாற்றுகிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். உலோகாயதம், அதாவது சார்வாகம், என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பதினான்காம் நூற்றாண்டின் சர்வதரிசன சங்கிரகம் தரும் சித்திரம். மாதவர் எழுதிய அந்த நூல் பதினாறு தரிசனங்களை அடுக்குகிறது. ஏறிப்போகும் படிக்கட்டில் உலோகாயதம் முதல் படி, அதாவது கடைசித் தரம். கடன்பட்டாவது நெய்யுண்ணும் கூட்டம் என்ற கேலி அங்கிருந்து பரவியதுதான். ஜெயராசி வேறு மாதிரி ஆள். காட்சி அளவை பிழையற்றதாக இருக்கவேண்டும் என்று நியாயம் இலக்கணம் சொல்கிறது. சரி, பிழையில்லை என்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்கிறார். புலனில் கோளாறு இல்லாததால் என்றால், புலன் என்பதே காட்சிக்கு எட்டாத பொருள். அதன் கோளாறின்மை உனக்கு எப்படித் தெரிந்தது? மறுக்கும் அறிவு ஒன்று பின்னால் வராததால் என்றால், கானல்நீரைத் தொலைவில் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டவனுக்கும் மறுப்பு வரப்போவதில்லை. அதனால் கானல் நீராகிவிடுமா? இப்படி ஒவ்வொரு பிரமாணமாக எடுத்துப் பிரிக்கிறார். இவரை உலோகாயதர் என்று சொல்லலாமா, ஐயவாதி என்று சொல்லலாமா என்று அறிஞர்கள் இன்னும் சச்சரவு செய்கிறார்கள். எப்படியானாலும், நெய்யுண்ணும் கூட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் படித்துவிட்டுப் போன மாணவருக்கு இந்த மனிதர் அறிமுகமே ஆகவில்லை.

நியாயத்தின் கதையும் இதுபோலத்தான். பாடநூலில் அது பதினாறு பதார்த்தங்கள், நான்கு பிரமாணங்கள். உண்மையில் அது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் நடந்த வழக்கு. கௌதமரின் சூத்திரத்துக்கு வாத்சியாயனர் உரை எழுதினார். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் பௌத்தர் திங்நாகர் அந்த உரையைத் தாக்கினார். உத்தியோதகரர் தம் வார்த்திகத்தைத் தொடங்கும்போதே, மோசமான தர்க்கவாதிகள் பரப்பிய மயக்கத்தை நீக்கத்தான் எழுதுகிறேன் என்று காரணம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார். தர்மகீர்த்தி திருப்பித் தாக்கினார், வாசஸ்பதி பதில் சொன்னார், உதயணர் வந்தார். ஒவ்வொரு இலக்கணத்திலும் முந்தைய அடியின் தழும்பு இருக்கிறது. தழும்பை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் எந்த மாணவருக்குத்தான் ஆர்வம் வரும்?

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. டெகார்ட் தம் 'தியானங்கள்' நூலை 1641இல் பாரிசில் அச்சிடுவதற்கு முன்னால், நண்பர் மெர்சென் மூலமாகப் பலருக்கும் சுற்றுக்கு விட்டார். வந்த ஆட்சேபங்களையும் தம் பதில்களையும் நூலோடு சேர்த்தே வெளியிட்டார். முதல் பதிப்பில் ஆறு தொகுதி ஆட்சேபங்கள், அடுத்த ஆண்டுப் பதிப்பில் ஏழாவதும் சேர்ந்தது. எழுதியவர்களில் ஹாப்ஸ் உண்டு, கசாந்தி உண்டு. முப்பது வயதைக்கூடத் தொடாத அர்னோ ஒரு கேள்வி கேட்டார்: நமக்குத் தெளிவாகத் தெரிவது உண்மை என்பதற்குக் கடவுள் உத்தரவாதம் என்கிறீர், கடவுள் உண்டு என்பதற்கோ அது தெளிவாகத் தெரிவதுதான் சான்று என்கிறீர், இது சுற்றி வருகிறதே? இன்றுவரை டெகார்ட் ஆய்வாளர்களை விடாமல் துரத்தும் கேள்வி அது. எதிராளியின் வாதமாகிய பூர்வபட்சத்தை டெகார்ட்டே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். நாம் வகுப்பறையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சித்தாந்தத்தை மட்டும் நடத்துகிறோம். பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் 1643இல் அவருக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். இடம் அடைக்காத ஆன்மா இடம் அடைக்கும் உடலை எப்படி அசைக்கும் என்ற கேள்வியை அவ்வளவு கூர்மையாக வைத்தவர் அவர். அவருடைய கேள்வி பாடநூலில் இருக்கிறது. அவர் பெயர் இருப்பதில்லை. தத்துவ வரலாற்றிலிருந்து பெண்கள் எப்படி மறைந்துபோனார்கள் என்பதை ஐலீன் ஓ'நீல் 1998இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியபின் மேலை நாடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை மாறி வருகிறது.

இங்கே ஒரு பழைய தகராறைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். இறந்துபோன தத்துவவாதியை நம் சமகாலச் சகாவாக நினைத்து அவரோடு வாதாட வேண்டும் என்பது ஒரு கட்சி. கான்ட்டைப் பற்றி 1966இல் நூல் எழுதிய ஸ்ட்ராசனும் ஜோனதன் பென்னட்டும் இந்த வழியினர். ஒரு தத்துவவாதி எந்தச் சூழலில், யாருக்கு எதிராக, என்ன செய்வதற்காக எழுதினார் என்று பார்க்காமல் அவர் என்ன சொன்னார் என்றே தெரியாது என்பது எதிர்க்கட்சி. குவென்டின் ஸ்கின்னரின் 1969 கட்டுரை இதன் கொடிமரம். ரிச்சர்ட் ரோர்ட்டி 1984இல் இரண்டும் வேண்டும், குழப்பிக்கொள்ளாமல் செய்தால் போதும் என்று பஞ்சாயத்து பேசினார். ஆய்வு மட்டத்தில் ரோர்ட்டி சரி. வகுப்பறையில் எனக்கு ஸ்கின்னர்தான் முதலில் வேண்டும். எதிராளி யார் என்று தெரியாத மாணவர், நாமே ஓர் எதிராளியைக் கற்பனை செய்து கொடுத்தால் அதையும் நம்பிவிடுவார்.

தமிழில் இதற்கான மூலப்பொருள் கொட்டிக் கிடக்கிறது. மணிமேகலை வஞ்சியில் கேட்பது பத்து வாதிகளின் கட்சி: அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி. இருபத்தொன்பதாம் காதையில் வரும் அனுமான இலக்கணமும் போலிகளின் பட்டியலும் வடமொழி நியாயப்பிரவேசத்தோடு அவ்வளவு நெருங்கியவை. காப்பியத்தின் காலமே அதை வைத்துத்தான் விவாதிக்கப்பட்டது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இரண்டு பாகம். தன் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் வருகிறது. உலோகாயதனில் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை பதினான்கு கட்சிகள். அதில் பௌத்தம் ஒரே பெட்டியில் அடைக்கப்படவில்லை; சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்று நால்வரும் தனித்தனியே வந்து பேசுகிறார்கள். முதலில் எதிராளி தன் வாதத்தை முழுதாகச் சொல்வார், பிறகுதான் மறுப்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆசிரியருக்கு இருந்த இந்த மரியாதை நம் கைடு புத்தகங்களுக்கு இல்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எதிராளியின் வாயால் கேட்கும் கட்சி முழுமையானது அல்ல. மறுப்பவர் மறுக்க வசதியாகத்தான் நிறுத்துவார். ஆசீவகம் இதற்குச் சரியான உதாரணம். அவர்கள் எழுதிய நூல் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. ஏ.எல். பாஷம் 1951இல் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது பாலி, பிராகிருத நூல்களோடு மணிமேகலை, நீலகேசி, சித்தியார் மூன்றையும் நம்பவேண்டியிருந்தது. மூன்றும் எதிர்முகாமின் வாக்குமூலங்கள். பேராசிரியர் க. நெடுஞ்செழியன் அதே தமிழ்ச் சான்றுகளை வைத்து ஆசீவகம் தமிழ் மண்ணில் முளைத்தது என்று வாதிட்டார். அவருடைய முடிவுகள் பலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. சான்றுகள் தாங்கும் எடைக்கு மேல் ஏற்றிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பகுதிகளைத் தத்துவமாகப் படிக்க வைத்தவர் என்ற வகையில் தத்துவத் துறைகள் செய்யத் தவறியதை அவர் செய்தார். பாஷமுக்கும் அவருக்கும் நடுவே எது நிற்கும் எது விழும் என்று சான்று சான்றாகச் சோதிப்பது ஒரு பருவம் முழுக்க நடத்தத் தகுந்த பாடம்.

எதிராளியை உயிரோடு வகுப்புக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. தத்துவ அறிஞர் தயா கிருஷ்ணாவும் அவருடைய நண்பர்களும் 1983இல் புனேயில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஒருபுறம் ஆங்கிலத்தில் தத்துவம் படித்த பேராசிரியர்கள், மறுபுறம் மரபுவழியில் வடமொழியில் படித்த நியாய பண்டிதர்கள். கூற்று என்றால் என்ன என்பது பற்றிய பெர்ட்ராண்ட் ரஸ்ஸலின் கருத்துகளை வடமொழியில் எடுத்துச்சொல்லி, உங்கள் சாத்திரம் இதை எப்படி எதிர்கொள்ளும் என்று பண்டிதர்களைக் கேட்டார்கள். அவர்கள் வாழ்த்துரை வழங்கவில்லை, வாதாடினார்கள். 1991இல் அது 'சம்வாதம்' என்ற நூலாயிற்று. இப்படி நடந்த உரையாடல்களில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி வேறு. வாரணாசியின் பத்ரிநாத் சுக்லா பழுத்த நியாய பண்டிதர். நியாயத்துக்கு ஆன்மா உயிர்நாடி. அவர் என்ன செய்தார் தெரியுமா? நியாயத்தின் கருவிகளையே வைத்துக்கொண்டு, ஆன்மா என்ற தனிப்பொருள் இல்லாமல் உடலும் மனமும் கொண்டே சமாளிக்க முடியுமா என்று ஒரு கட்டுரை கட்டிக் காட்டினார். தன் வீட்டு அஸ்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்த்த அந்தத் துணிவை எந்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? கூட்டம் நடந்தது, நூல் வந்தது, பாடத்திட்டம் அசையவில்லை. காரணம் சூழ்ச்சி ஒன்றுமில்லை, தேர்வுதான். விரிவுரையாளர் ஆவதற்கான நெட் தேர்வு முழுக்கக் கொள்குறி வினா. பொருத்துக, சரியான வரிசையைத் தேர்ந்தெடு, கூற்று ஒன்று காரணம் இரண்டு. இந்தத் தேர்வில் தேறியவர்தான் நாளை வகுப்பெடுப்பார். தேறிய வழியில்தான் எடுப்பார். அர்னோவின் கேள்வியை நான்கு விடைகளுக்குள் எப்படி அடைப்பது? மொழியும் ஒரு காரணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலைத் தமிழிலேயே நடத்துகிறார்கள். இங்கேயோ தமிழ்த் துறையில் மணிமேகலை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. தருக்கம் வரும் காதைகள் வறட்சி என்று தாண்டிப் போகப்படும். தத்துவத் துறையில் அது தமிழ் இலக்கியம், ஆகவே பாடமில்லை. சித்தியார் மடங்களிலும் சித்தாந்த வகுப்புகளிலும் வாழ்கிறது. அங்கே சுபக்கத்துக்குத்தான் மரியாதை, பரபக்கத்தைத் திறப்பவர் குறைவு.

பெரிய சீர்திருத்தம் எதையும் கேட்கவில்லை. முதுகலையில் ஒரே ஒரு தாள் போதும். மணிமேகலையின் இருபத்தேழு, இருபத்தொன்பதாம் காதைகள், பரபக்கத்தில் உலோகாயதன் பகுதியும் பௌத்தர் நால்வர் பகுதியும், ஜெயராசியிலிருந்து காட்சி அளவை பற்றிய பக்கங்கள், டெகார்ட்டின் ஆட்சேபங்களில் அர்னோ எழுதியது. தமிழ்த் துறையிலிருந்து ஒருவர், தத்துவத் துறையிலிருந்து ஒருவர் சேர்ந்து நடத்தட்டும். தேர்வில் ஒரே வினா: நீ ஏற்காத ஒரு கட்சியை, அந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் ஆம், இதுதான் என் வாதம் என்று ஒப்புக்கொள்ளும்படி எழுது. நூல்கள் அச்சில் இருக்கின்றன, படிக்கத் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை முன்மொழியலாம்.